அத்தையின் துக்கம்

எங்கள் வீட்டில் தினமும் தவறாமல் நடந்த வேலைகளில் ஒன்று, அத்தைக்காக வருத்தப்படுவது. காலையில் தறிக் குழிக்குள் இறங்குவதற்கு முன் அப்பா ஒரு முறை வருத்தப்படுவார். உலை வைக்கும்போது அம்மா ஒரு முறை. பெரணமல்லூரிலிருந்து பெரியம்மா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிடும். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முந்தானை பாதி நனைந்திருக்கும். இத்தனைக்கும் அத்தைக்கு ஒரு குறையும் இல்லை. கல்யாணம் ஆகவில்லை, அவ்வளவுதான். அதை அவளைத் தவிர மற்ற எல்லோரும் குறை என்று நினைத்தார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. முப்பதைத் தாண்டியிருந்தாள். பெண் கேட்டு வரவேண்டிய வயதில் தாத்தா படுத்த படுக்கையாகிவிட்டார். அவரைப் பார்த்துக்கொண்டதில் சில வருஷங்கள் போயின. அதன் பிறகு வந்த ஜாதகங்கள் பொருந்தவில்லை. எப்போதாவது செய்துகொள்ளலாம் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். அதற்குள் அத்தைக்குத் தனியாக இருப்பது பழகிவிட்டது. பழகியது மட்டுமில்லை, பிடித்தும் போய்விட்டது. இதுதான் யாருக்கும் புரியாத விஷயம்.

அவள் பாவு பிணைப்பவள். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. பட்டுத் தறியில் நெய்து முடித்த பாவை முழுதாக அறுத்து எடுத்துவிட மாட்டார்கள். கடைசித் துண்டைத் தறியிலேயே விட்டுவைத்து, புதிய பாவின் இழைகளை அதனோடு ஒவ்வொன்றாக இணைப்பார்கள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு பழைய இழை ஒன்று, புதிய இழை ஒன்று என்று ஆயிரக்கணக்கில் முறுக்க வேண்டும். பகல் பொழுது முழுக்க அதற்கே சரியாக இருக்கும். எந்த வீட்டில் பாவு முடிகிறதோ அந்த வீட்டிலிருந்து அத்தைக்கு ஆள் வரும். அவள் தலையை வாரிக்கொண்டு, வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள். மத்தியானச் சாப்பாடு அந்த வீட்டில். மாமியார் மருமகள் சண்டை முதல் மாப்பிள்ளை முறைப்பு வரை எல்லாக் கதையும் அங்கே கிடைக்கும். கை இழையில் இருக்கும், காது கதையில் இருக்கும். சாயங்காலம் வந்து, கிணற்றடியில் கை கால் கழுவிக்கொண்டு, பின்கட்டில் தன் அறையில் ரேடியோவைத் திருப்பி வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மேட்னி ஷோ. துணைக்கு நான். படம் எவ்வளவு சோகமாக இருந்தாலும் அவள் அழ மாட்டாள். “இவளுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ அழுவாச்சி” என்று திரையில் இருப்பவளைக் கேட்டுக்கொண்டே கடலை தின்பாள்.

இப்படிப்பட்டவளைத் துக்கத்தில் இருப்பவள் என்று ஒரு குடும்பமே நம்புவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அத்தை பூ வைத்துக்கொண்டால், ஆசை விட்டுப் போகவில்லை பாவம் என்பார்கள். வைத்துக்கொள்ளாவிட்டால், மனசே விட்டுப் போச்சு பாவம். இரண்டாம் முறை சோறு வாங்கினால், துக்கத்துக்குச் சோறுதான் துணை. ஏதாவது கதை சொல்லி அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள் என்றால் அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். “எல்லாத்தயும் உள்ள வச்சிகினு எப்டி சிரிக்கிறா பாரு” என்பாள் பெரியம்மா. உடனே அம்மா மூக்கை உறிஞ்சுவாள்.

அவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. இதைச் சொல்லியே ஆகவேண்டும். அப்பாவுக்குத் தங்கை என்றால் உயிர். அம்மா பண்டிகைக்குத் தனக்கு முன் அத்தைக்குத்தான் புடவை எடுப்பாள். அவளைப் பற்றி எல்லாவற்றையும் கவனித்தார்கள். அவள் சொல்வதை மட்டும் கேட்கவில்லை.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது பெரியம்மா ஒரு வரன் கொண்டுவந்தாள். களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுபவர். மனைவி இறந்துவிட்டார். மூன்று பிள்ளைகள். கை கால் விளங்காத தாயார் ஒருவர். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும். இதைப் பெரியம்மா சொன்ன விதம் வேறு.

“போனவுடனே மூணு கொழந்த. பெத்து வளக்கற கஷ்டம்கூட இல்ல. யாருக்குக் கெடைக்கும்?”

அந்த மனிதர் ஒரு நாள் வந்து காபி குடித்துவிட்டுப் போனார். நல்லவராகத்தான் தெரிந்தார். வாசலில் செருப்பை வரிசையாகக் கழற்றி வைத்தார். வந்ததிலிருந்து போகும் வரை உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரையும் யாரோ பிடித்துத் தள்ளித்தான் அனுப்பியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. தை பிறந்ததும் தட்டு மாற்றிக்கொள்வது என்று முடிவானது.

அத்தை சொல்லிப் பார்த்தாள்.

“எனக்கு வேணாண்ணா. நான் இப்டியே நல்லா கீறேன்.”

அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தங்களுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று தங்கை தன் வாழ்க்கையையே விட்டுக்கொடுக்கிறாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அவள் எவ்வளவுக்கெவ்வளவு வேண்டாம் என்றாளோ அவ்வளவுக்கவ்வளவு இந்தக் கல்யாணத்தை முடித்தே தீருவது என்ற உறுதி அவருக்குக் கூடியது.

அம்மாவிடமும் சொன்னாள். “எனக்கு இன்னா கொறச்சல் அண்ணி? வேல கீது, சோறு கீது, நீங்கள்லாம் கீறீங்க.”

“அப்டி சொல்லாதம்மா, கேக்கறப்பவே வயிறு எரியுது” என்றாள் அம்மா.

அந்த நாட்களில் அத்தை ரேடியோ வைக்கவில்லை. கடலை வாங்கி வந்தால் என்னிடமே முழுப் பொட்டலத்தையும் கொடுத்துவிடுவாள். களம்பூரில் தறி கிடையாதா என்று ஒரு நாள் என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நெல் மூட்டையும் லாரியும்தான் தெரியும் என்றேன். “அதான்” என்றாள். அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அவள் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது அந்த ஒரு மாசம்தான். வேடிக்கை என்னவென்றால், அவள் முகம் தெளிந்துவிட்டது, கல்யாணக் களை வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் அப்போதுதான் சொன்னார்கள்.

தட்டு மாற்ற நாள் நெருங்கியபோது பெரியம்மா மறுபடியும் வந்தாள். சமையலறையில் அம்மா, பெரியம்மா, அத்தை மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் அம்மாவுக்குப் பின்னால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அத்தை மறுபடியும் அதே பாட்டைப் பாட, பெரியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“பேஜார் பண்ணாத. ஒரே வார்த்த கேக்கறேன், நெசத்த சொல்லு. மனசுல யாரனா வச்சிகினு கீறியா?”

அத்தை திருதிருவென்று விழித்தாள். அதற்குள் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது.

“அக்கா, அந்த பம்பாய்க்கு ஓடிப் போனானே, இவ மாமன் மகன்…”

அப்படி ஒருவர் இருந்தார். அத்தைக்கும் அப்பாவுக்கும் தாய்மாமன் மகன். அத்தைக்கு முறை மாப்பிள்ளை. சின்ன வயதில், இவனுக்கு இவள் என்று பெரியவர்கள் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் சொல்வதுதான். அவர் மீசை முளைத்ததும் பம்பாய்க்கு மில் வேலைக்குப் போனார். அவருடைய அப்பா அம்மாவும் இறந்துபோனார்கள். பிறகு அவரைப் பற்றிப் பேச்சே இல்லை.

“அவனையா நெனச்சிகினு கீற, இத்தினி வருசமா?” என்றாள் பெரியம்மா. குரல் அதற்குள் உடைந்துவிட்டது.

அத்தை ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு மெல்லத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவ்வளவுதான் அவள் செய்தது. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஆனால் பெரியம்மா போட்ட சத்தத்தில் அப்பா தறிக் குழியிலிருந்து எகிறி வெளியே வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் முதல் பஸ்ஸில் அவரே களம்பூருக்குப் போய், பெண்ணுக்கு மனசில்லை, மன்னிச்சிக்குங்க என்று சொல்லிவிட்டு வந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாளே என்று கோபம். அடுத்த வெள்ளிக்கிழமை தியேட்டருக்குப் போகும் வழியில் கேட்டுவிட்டேன்.

அத்தை நடுத்தெருவில் நின்று சிரித்தாள். “அவன் மூஞ்சியே நெனப்பு இல்லடி எனக்கு. எப்பப் பாத்தாலும் மூக்கு ஒழுகிகினே இருப்பான், அது ஒண்ணுதான் நெனப்பு கீது.”

“அப்ப ஏன் அத்தே தலய குனிஞ்ச?”

“நல்லா கீறேன் நல்லா கீறேன்னு தொண்ட கிழிய சொன்னேன், யாருனா கேட்டாங்களா? அழுவுறேன்னு அவங்களா சொன்னாங்க. சரி, அப்டியே இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன்.” பிறகு என் காதைப் பிடித்தாள். “யார்கிட்டனா சொன்ன, தோல உரிச்சிடுவேன்.”

நான் சொல்லவில்லை. ஊருக்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பதில் எனக்குப் பெருமை பொங்கி வழிந்தது.

அத்தை தலையைக் குனிந்ததில் தெருவிலேயே ஒரு மாற்றம் வந்தது. அதுவரை எல்லா வீட்டுப் பாவுக்கும் அவளைக் கூப்பிடுவார்கள். முகூர்த்தப் புடவைக்கான பாவு என்றால் மட்டும் கூப்பிட மாட்டார்கள். தாலி ஏறாத கை என்று வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். இப்போது அதே கை, ஒருவனையே நினைத்துக் காத்திருக்கும் கையாகிவிட்டது. கல்யாணப் பெண்ணைப் பெற்ற அம்மாக்கள் தேடி வந்தார்கள். முகூர்த்தப் புடவையின் முதல் இழையை அவள்தான் முறுக்க வேண்டும் என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். சந்தோஷமாகத் தனியாக இருந்தவளிடம் இருந்த தோஷம், துக்கமாகத் தனியாக இருப்பவளிடம் இல்லாமல் போய்விட்டது. அத்தையும் போய் முறுக்கிக் கொடுத்துவிட்டு, கேசரி சாப்பிட்டுவிட்டு வந்தாள். அவள் மேட்னி போவதைக்கூட, கவலையை மறக்கத்தான் போகிறாள் என்று தெரு ஒப்புக்கொண்டது. இரண்டு வருஷம் போல அவளுக்கு ராஜ வாழ்க்கை. யாரும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை.

ஒரு ஆடி மாசம் அந்த பம்பாய் மாமா வந்து இறங்கினார்.

தொப்பையும் வழுக்கையுமாக, கையில் இரண்டு பெட்டியோடு, பின்னால் மனைவியும் மூன்று வயதுப் பையனும். பையனுக்குக் குலதெய்வத்துக்கு மொட்டை அடித்துக் காது குத்த வேண்டும் என்று வந்திருந்தார். பெற்றவர்கள் இல்லாத ஊரில் அவருக்கு உரிமையாக வந்து இறங்க எங்கள் வீடுதான் இருந்தது. அப்பா வாசலில் நின்றபடி அவரைப் பார்த்தார். வா என்று சொல்லாமல் இருக்க முடியாத உறவு. “வா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டார். அவர் இருந்த நாட்களில் அப்பா அவரிடம் பேசியதெல்லாம் தறியைப் பார்த்தபடிதான்.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மொட்டை அடிக்க வந்தவர், பெண் பாவம் பொல்லாதது என்று கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார். டீக்கடையில் கூடப் படித்தவர்கள் எழுந்து போனார்கள். “நான் இன்னா பண்ணேன் மச்சான்?” என்று அவர் அப்பாவிடமே கேட்டார். அதற்குப் பதில் சொன்னால் தங்கையை அவமானப்படுத்துவது போலாகும் என்று அப்பா குறுக்கிழை ஓட்டும் நாடாவை இன்னும் வேகமாக வீசினார்.

மாமாவின் மனைவி பாடு அதைவிட மோசம். அவள் பம்பாயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நைலான் புடவை கட்டியிருந்தாள். பட்டு நெய்யும் ஊருக்கு நைலானில் வந்தாளே என்பதிலிருந்து ஆரம்பித்து அவளிடம் எல்லாமே தப்பாகத் தெரிந்தது. முறைப்படி அவளையும் நான் அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும். யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. அம்மா அவளுக்குத் தட்டு வைப்பாள், பக்கத்தில் நின்று பரிமாற மாட்டாள். என் அத்தைதான் அவளுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தாள், பையனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள், அவளிடம் பம்பாயைப் பற்றி ஓயாமல் கேட்டாள். அத்தைக்கு அவளை நிஜமாகவே பிடித்திருந்தது. சாப்பிடும்போது இருவரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். தெரு இதைப் பார்த்து அசந்துபோனது. எவ்வளவு பெரிய மனசு என்றார்கள்.

காது குத்தி முடித்து வந்த அன்று பெரியம்மா மாமாவின் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கெட்ட எண்ணமில்லை. தெரியாமலே ஒருத்தி போய்விடக்கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

அன்று அவள் சாப்பிடவில்லை. மத்தியானம் அத்தை எங்கள் தறியிலேயே பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். நான் சாம்பல் கொட்டாங்குச்சியை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமாவின் மனைவி மொட்டைத் தலைப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்து அத்தையின் மடியில் உட்கார வைத்தாள். காது வலியில் அது சிணுங்கியது.

“அக்கா, சாமி சத்தியமா எனக்குத் தெரியாது. இவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தெரிஞ்சிருந்தா இவரை நான் கட்டியிருக்கவே மாட்டேன்.”

அத்தையின் கை இழையோடு அப்படியே நின்றுவிட்டது. “அய்யய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. யாரு சொன்னது ஒனக்கு?”

“எல்லாரும் சொல்றாங்க அக்கா.”

“அவங்க சொல்லுவாங்க. நான் சொல்றேன் கேளு. எனக்கு அவன் மேல ஒரு நெனப்பும் இல்ல, அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல. கல்யாணமே வேணாம்னுதான் வாயை மூடிகினு இருந்தேன். நான் சந்தோசமாத்தான் கீறேன்.”

அவள் தலையை ஆட்டினாள். “எனக்காகச் சொல்றீங்க. நான் கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க.”

“இல்லம்மா. இந்தப் பையன் மேல சத்தியமா…”

“வேணாம் அக்கா, சத்தியம் பண்ணாதீங்க.” அவள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இவ்ளோ நல்லவங்களுக்கு இப்படிப் பண்ணிட்டு வந்திருக்காரே. இனிமே நான் எப்படி அவர் மூஞ்சியைப் பார்ப்பேன்?”

பிறகு குனிந்து அத்தையின் காலைத் தொட்டாள். அத்தை அவளைத் தூக்கி நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. பையனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவள் தலைமேல் இன்னொரு கையை வைத்து, அத்தை அழ ஆரம்பித்தாள். சத்தமாக, மூச்சு வாங்க, புடவையெல்லாம் சாம்பலாக. அம்மா ஓடி வந்தாள். பெரியம்மா ஓடி வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். இத்தனை வருஷமாக அடக்கி வைத்ததெல்லாம் இன்றைக்குத்தான் வெளியே வருகிறது, அழட்டும் விடுங்கள் என்று பெரியம்மா சொல்ல, எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். அப்பா தறிக்கட்டுக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் மாமா குடும்பத்தோடு கிளம்பினார். பஸ் ஏறும் வரை அவள் கணவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் பையனை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை. அதன் பிறகு அவர்கள் ஆரணிக்கு வரவில்லை. அவள் பம்பாயில் எப்படி இருந்தாள் என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியாது. அத்தை மட்டும் பம்பாய் பக்கமிருந்து யாராவது வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் வேலையை விட்டுவிட்டுப் போய் விசாரித்துவிட்டு வருவாள். மற்றபடி அவள் நன்றாகவே இருந்தாள். பாவு பிணைத்தாள், ரேடியோ கேட்டாள், யாருக்கும் பாரமில்லாமல் நிறைவாக வாழ்ந்து முடித்தாள். அவள் போனபோதும், ஒரு சுகத்தையும் காணாமல் போய்விட்டாளே என்றுதான் சொல்லி அழுதார்கள்.

அவள் அன்று எதற்காக அழுதாள் என்று எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. தன் நிம்மதிக்காக ஊர் நம்பட்டும் என்று விட்டுவைத்த துக்கத்தை, ஒரு பாவமும் அறியாத ஒருத்தி நிஜமென்று நம்பித் தன்னோடு எடுத்துக்கொண்டு போனாள். அத்தையால் அதைத் தடுக்க முடியவில்லை. இருந்த உண்மையையெல்லாம் சொல்லியும் முடியவில்லை.

அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. அவர்கள் பஸ் ஏறிப் போன அன்று சாயங்காலம் அத்தை மறுபடியும் தறியில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து பிணைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு நான் அவளை ஒட்டி உட்கார்ந்தேன்.

“சூப்பரா அழுத அத்தே. நெசமாவே அழுவுற மாரியே இருந்துச்சி” என்றேன்.

அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுத்த இழையைத் தேடி எடுத்து முறுக்கினாள். பாராட்டியதற்கு ஒரு சிரிப்புகூட இல்லையே என்று எனக்கு மனத்தாங்கல். ஊரே ஏமாந்துவிட்டது, நான் மட்டும் ஏமாறவில்லை என்று நினைத்துக்கொண்டு தெருவுக்கு விளையாடப் போனேன். அவ்வளவு பேர் கூடி அழுத வீட்டில், அத்தையைப் பற்றி எல்லோரையும்விடக் குறைவாகத் தெரிந்துவைத்திருந்தவள் நான்தான்.